வாலாஜா யூனிட்டின் பதில்

வாலாஜாவில் ஆம்பூர் பஸ்ஸில் ஏறியதும் தூங்கலாம் என்றுதான் இருந்தேன். முன் சீட்டில் இருவர், கழுத்தில் ஒரே ஷூ கம்பெனி அட்டை. மூத்தவர் மடியில், சாக்கில் கட்டிய கம்ப்யூட்டர்.

இளையவர் போனைப் பார்த்துச் சொன்னார்: "மூடின யூனிட்ல இருந்து பதில் வருதுண்ணே."

"வாலாஜாவா? காலையில நாமதானப்பா பூட்டினோம். கரண்டே இல்லியே."

"அதான் பேஜாரா இருக்கு. ஆயிரம் பேருக்கும் தனித்தனியா மெயில் போனா லைன் தாங்காதுன்னு, யூனிட்டுக்கு ஒரு காப்பிதானே அனுப்புறோம்? அங்க இருக்குற மிஷின்தான் அங்கத்து ஆளுங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கும். லிஸ்ட்ல இருந்து வாலாஜாவை எடுக்க மறந்துட்டேன். இப்ப, 'எல்லாருக்கும் குடுத்தாச்சு'ன்னு வந்திருக்கு."

"வேற மிஷின் எதுனா இருக்கும்."

"அங்க இருந்தது ஒண்ணே ஒண்ணுதாண்ணே. உங்க மடியில இருக்கே, அது."

மூத்தவர் சாக்கிலிருந்து கையை எடுத்தார். "மெயில்ல இன்னா எழுதியிருந்தே?"

"நாளைக்கு எல்லாரும் ஆம்பூர் பேக்டரிக்கு வந்துடுங்கன்னு."

"வாலாஜா ஆளுங்களைத்தான் வேலையை விட்டு அனுப்பிட்டமே. யாரு வரப்போறாங்க?"

போன் மறுபடி ஒலித்தது. இளையவர் எடுத்துப் படித்தார்.

"வாலாஜாவுல இருந்துதான். 'கிளம்பிட்டோம்'னு போட்டிருக்குண்ணே."

பள்ளிகொண்டாவில் இருவரும் அவசரமாக இறங்கிவிட்டார்கள். சாக்கை எடுக்கவில்லை, அது சீட்டின் ஓரத்தில் இருந்தது. அங்கேயே ஒரு கூட்டம் ஏறியது. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஆம்பூர் வரைக்கும் ஒருவரும் அந்தச் சீட்டில் உட்காரவில்லை; கேட்டால், "அதான் ஆளுங்க உக்காந்திருக்காங்களே" என்றார்கள்.