முன்சீட்டை விட்டு இறங்கிய பேராசிரியர் சண்முகராஜ் அவர்களுக்கு

களம் காணாமல் கருத்துச் சொல்லாத எங்கள் துறைத் தலைவரே! முப்பத்தோராண்டு மானிடவியல் கற்பித்த ஆசானே!

களப்பணி நாட்களில் காலை நாலரைக்கு எழுவீர்கள். சவரம். பால் இல்லாத காபி. ஐந்தே காலுக்குக் கம்பம் ஊரில் ஏலக்காய்த் தோட்ட ஜீப் வரும். கங்காணி கதவைத் திறந்துவிடுவார். அவர் பக்கத்தில், முன்சீட்டில் அமர்வீர்கள். கூலிப்பெண்கள் பின்னால். கம்பம்மெட்டு மலை ஏறி முடிவதற்குள் மூன்று பேட்டிகள் முடியும்.

மொத்தம் அறுபது பேட்டிகள். அறுபதிலும் ஒரே பதில்: "ஒரு கொறையும் இல்ல சார்."

குறிப்பெடுத்தவள் உங்கள் ஆய்வு உதவியாளர், என் மனைவி மாரீஸ்வரி. அவள் அம்மா அதே ஜீப்பில் வேலைக்குப் போனவர். அவள் சொன்னாள்: "கங்காணி பக்கத்துல உக்காந்து கேட்டா, கங்காணிக்குச் சொல்றதத்தான் சார் அவுக சொல்லுவாக."

இரண்டு நாள் நீங்கள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பின்னால் ஏறினீர்கள். அந்தத் துணிவைப் போற்றுகிறோம்!

"சாரு, காலை நீட்டாதீக, சோத்துவாளி கவுந்துரும்" என்றார் பக்கத்தில் இருந்த கூலிப்பெண் கருத்தம்மாள். ஜீப்பே சிரித்தது.

பிறகு கங்காணி, "ஏத்தா சங்கிலி, நீ எறங்கு. சாருக்கு எடம் பத்தல" என்றார்.

"எறங்குறேன். எனக்குப் பதிலா சாரு காய் எடுப்பாகளா?"

சங்கிலியம்மாள் இறங்கினார். அன்று அவருக்கு வேலை இல்லை. முன்சீட்டில் உங்கள் இடம் மலை உச்சிவரை காலியாகவே போனது. அதில் அவரை ஏற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் இருந்த நம் மூவருக்கும்தான்.

அதை மறைக்காமல் உங்கள் நூலின் முதல் பக்கத்தில் எழுதினீர்கள். உங்கள் பணியில் நாங்கள் மிக மதிப்பது அந்தப் பக்கத்தையே.

அதை நீக்கச் சொல்லி நிதி தந்தவர்கள் கடிதம் அனுப்பினார்கள். துறைக்கூட்டத்தில் நாங்களும் நீக்கலாம் என்றோம். நானும் கை தூக்கினேன். நீங்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. திங்களன்று நூல் அச்சுக்குப் போகிறது.

மலை ஏறும் உங்கள் முழங்கால்கள் நெடுநாள் உரமாக இருக்கட்டும்! நலமும் அமைதியும் உங்கள் இல்லத்தில் தங்கட்டும்! துறையினர் பதினொருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். எழுதியவன் விஜய்பாண்டி.

போன ஆடியில், தேனி மருத்துவமனையில், மாரீஸ்வரி கடைசியாக ஒன்று கேட்டாள். பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அவள் கேட்டது:

"சங்கிலியம்மா எறங்குனது புத்தகத்துல இருக்கும்ல?"