முப்பது டன் சீட்டு

எச்சில் டம்ளர் கழுவாமல் கிடந்தால் எனக்கு ஆகாது, ஐயா. இங்கே போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் உங்கள் மேசையில் கிடந்த மூன்று டம்ளர்களையும் நான்தான் எடுத்துக் கழுவி வைத்தேன். யாரும் சொல்லவில்லை. என் சுபாவம் அப்படி.

தொப்பூர் மலை இறக்கத்துக்கு முன்னால் இருக்கிறதே, நவநீதன் அண்ணனின் லாரி எடைமேடை, அங்கே நான் பெர்மிட் வேலை பார்ப்பவன். பெயர் மதியழகன். பக்கத்து அறையில் சுகுணா எடை போடுவாள். லாரி மேடையில் ஏறி நின்றதும் எடை நேராகச் சீட்டுக்குப் போகாது. முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் போய் உட்காரும். சுகுணா பொத்தானை அமுக்கினால் பிரிண்டர் அந்த ஃபைலைப் படித்துச் சீட்டடிக்கும். அந்த ஃபைலுக்கு எப்போதும் ஒரே பெயர். பூட்டு கிடையாது. ஆபீசில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தும் திறக்கலாம், எண்ணை மாற்றலாம். சீட்டடித்த பிறகும் யாரும் அழிப்பதில்லை. ஒருவன் குடித்த டம்ளரை அப்படியே அடுத்தவனுக்கு வைப்பது போல.

அண்ணனிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை, டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில் வைத்தே பதில் சொன்னார்.

"ஏம்ப்பா மதி, அதுக்குள்ள என்ன தங்கமா வச்சிருக்குது? எவன் வந்து மாத்தப்போறான்? போயி பெர்மிட்டப் பாரு போ."

அன்றிலிருந்து வண்டியை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும், "என்னங்க சார், தங்கம் கெடச்சுதுங்களா?" என்று என் ஜன்னலில் கேட்டுவிட்டுத்தான் டீக்குப் போனார்கள். கிரானைட் கல் ஏற்றும் சென்றாயன் ஒருவர்தான் கேட்டதே இல்லை. அதை நான் மறக்கவில்லை. நான் நன்றி கெட்டவன் இல்லை, ஐயா.

எங்கள் மேடையில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் ஏற்படுத்தியது. எடை முப்பத்தைந்து டன்னைத் தாண்டினால் சுகுணா சீட்டின் மூலையில் சிவப்புப் பேனாவால் 2 என்று எழுதுவாள். இறக்கம் முழுக்க இரண்டாவது கியரில் ஊர்ந்து போக வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்காது என்று அர்த்தம். எடை குறைவாக இருந்தால் 3. கல்லின் கனம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், இருபது வருஷம் வண்டி ஓட்டியவர்கள்கூட அந்தச் சிவப்பு எண்ணை மீற மாட்டார்கள்.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். தற்காலிக ஃபைலில் எடை விழுந்ததும் ஒரே ஒரு முறை அதில் கால் பங்கைக் குறைத்துவிடும். அவ்வளவுதான். ஒரே ஒரு சீட்டு தப்பாக அடிக்கட்டும், அண்ணன் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், "எவன் வந்து மாத்தப்போறான்" என்று கேட்டீர்களே, இதோ என்று சொல்கிறேன் என்பதுதான் என் திட்டம். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

அதை ஓடவிட்ட அன்று காலை பதினொன்றே முக்காலுக்கு முதலில் மேடை ஏறியது சென்றாயன் வண்டி. நாற்பது டன். சீட்டில் முப்பது என்று விழுந்தது. சுகுணா 3 என்று எழுதினாள். அண்ணனோ இண்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

சென்றாயன் சீட்டோடு என் ஜன்னலுக்கு வந்தார். "தம்பி, மேட்டுல ஏறறப்பவே வண்டி ரொம்ப முக்குச்சுங்க. முப்பதுதானுங்களா? கல்லப் பாத்தா அப்படித் தெரியலைங்களே."

நான் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் சீட்டைத் திருத்திவிடுவார்கள். திருத்திய சீட்டை வைத்து எதை நிரூபிப்பது? இத்தனை நாள் சிரித்தவர்கள் இன்னும் ஒரு நாள் சிரிப்பார்கள். அண்ணன் கல்யாணச் சாப்பாடு முடித்து வந்துவிடட்டும், சீட்டின் ஆபீஸ் நகலைக் காட்டிச் சொல்லலாம் என்று பட்டது.

"மெஷினு எதுக்குங்க பொய் சொல்லப்போகுது? சீட்டுல இருக்கறபடி போங்க" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றார். வண்டி கிளம்பியதும் மனசு கொஞ்சம் உறுத்தியது. பசியாக இருக்கும் என்று ஒரு பன் வாங்கித் தின்றேன்.

அண்ணன் வருவதற்குள் போன் வந்துவிட்டது. இரண்டாவது வளைவிலேயே பிரேக் கருகிவிட்டதாம். தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு போன வண்டியில், கல் முன்னால் சரிந்து கேபினை நசுக்கிவிட்டது. சென்றாயனைத் துணியில் பொதிந்துதான் எடுத்தார்கள்.

சிவப்பு 3 சுகுணாவின் கையெழுத்து. அதனால் நீங்கள் அவளை அழைத்து வந்தீர்கள். இரண்டு நாள் இதே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். நான் மறக்காமல் புரோட்டா வாங்கி வந்து கொடுத்தேன், குருமா தனியாக. அவள் தொடவில்லை. வீணாகப் போனது.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஆளாளுக்கு டிரைவர் என்கிறார்கள், சுகுணா என்கிறார்கள், ஃபைலைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. நானாகவே வந்து உங்களையும் உங்கள் கம்ப்யூட்டர்காரரையும் எடைமேடைக்குக் கூட்டிப் போனேன். ஃபைலைத் திறந்து, எல்லார் முன்னாலும் எண்ணை மாற்றிக் காட்டினேன். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார்.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கோணும்பா மதி. ஒரு உசுரு போயிருச்சே."

அந்த முதல் வாக்கியத்துக்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன், ஐயா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து உங்கள் ஆள், "கீழ இன்னொரு ஃபைல் கெடக்குதே, அது என்ன?" என்று கேட்டார்.

என் புரோகிராம், எடையைக் குறைக்கும் முன் அசல் எடையை வேறொரு தற்காலிக ஃபைலில் எழுதிவைத்துக்கொள்ளும். தேதி, நேரம், நாற்பது டன், என் கம்ப்யூட்டரின் பெயர், எல்லாம் அதில் அப்படியே இருந்தது. ஊரார் டம்ளரையெல்லாம் கழுவிய நான் என்னுடையதைக் கழுவாமல் வைத்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது என்று தெரிந்தும் சென்றாயனிடம் முப்பது சரிதான் என்றேன். அதற்கு எனக்குக் காரணம் இருந்தது, மேலே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஃபைலை அழிக்காமல் விட்டதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியவில்லை. அதை நினைத்துத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. அந்தத் தவறை மட்டும் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்.