ஐஸ் அறைக்குள் நின்ற ஐந்து பேர்

பெயர்: சந்தியோகு யோசப்பின். வயது: 38. விலாசம்: கரையோர ஒழுங்கை, கொழும்புத்துறை. 1984 யூன் 14ஆம் திகதி பொலிஸ் நிலையத்தில் விசாரிக்கப்பட்டபோது கூறியதாவது:

நான் நடராசா முதலாளியின் இறால் பதனிடும் வாடியில் ஒன்பது வருடமாக இறால் உரிக்கிறேன். அங்கே நாங்கள் பதினொரு பெண்கள். இறந்துபோன நேசம்மாக்காவும் எங்களோடு ஏழு வருடம் வேலை செய்தவர். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். அவருக்கு முட்டு வருத்தம் இருந்தது. குளிர் பட்டால் மூச்சுவிட முடியாது. இது எனக்குத் தெரியும்.

சென்ற தை மாதம் எங்கள் தொழிலுக்கு ஆகக் குறைந்த சம்பளத்தை அரசாங்கம் கூட்டியது. சந்தோஷப்பட்டோம். அதன் பின்னர் முதலாளி வந்து, அந்தச் சம்பளத்துக்கு ஆறு பேரைத்தான் வைத்திருக்க முடியும், மற்றவர்கள் வேலையை விட்டு நிற்க வேண்டும் என்றார். நாங்கள் கூடிக் கதைத்து, ஆறு பேரின் பெயர் மட்டும் சம்பள இடாப்பில் இருக்க, பதினொரு பேரும் வேலை செய்து சம்பளத்தைப் பங்கிடுவது என்று முடிவெடுத்தோம். முதலாளியும் சம்மதித்தார். அந்த யோசனையைச் சொன்னது நான். என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். திருவுளச் சீட்டுப் போட்டதில் என் பெயர் விழுந்தது, நேசம்மாக்காவின் பெயர் விழவில்லை.

12ஆம் திகதி காலை பத்தரை மணியளவில் சம்பளம், இடாப்பு எல்லாம் பரிசோதிக்கும் தொழில் கந்தோர் ஐயா சொல்லாமல் வந்தார். வழக்கமாக, இடாப்பில் பெயர் இல்லாத ஐந்து பேரும் கடற்கரைப் பக்கத்தால் போய்விடுவார்கள். அன்று ஐயா அந்தப் பக்கத்தாலேயே வந்ததால் அவர்கள் ஐஸ் அறைக்குள் போனார்கள். கதவைச் சாத்தியது நான். அது வெளியிலிருந்துதான் திறபடும்.

ஐயா நல்ல மனிதர். "சரியான சம்பளம் தாறாரோ? பயப்பிடாமல் சொல்லுங்கோ அம்மா" என்று ஒவ்வொருவரிடமும் ஆறுதலாகக் கேட்டார். அவர் எங்கள் நன்மைக்குத்தான் கேட்டார். சரியாகத் தருகிறார் என்று நான் சொன்னேன். அதன் பின்னர் உள்ளே இருமல் கேட்டது. அது என்ன சத்தம் என்றார். "மெசின் ஐயா" என்றேன். அது யாருடைய இருமல் என்று எனக்குத் தெரியும்.

அவர் போக முப்பத்தைந்து நிமிடம் சென்றது. கதவைத் திறந்தபோது நான்கு பேர் நடந்து வந்தார்கள். நேசம்மாக்கா சாக்கின் மேல் சாய்ந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. உள்ளே நின்ற பியாட்றிஸ், தான் கதவைத் தட்டப்போனபோது நேசம்மாக்காவே தன் கையைப் பிடித்து நிறுத்தியதாகச் சொன்னாள்.

நேசம்மா ஐஸ் வாங்க வந்தவர் என்று சொல்லும்படி முதலாளி என்னிடம் அழுதார். உண்மை தெரிந்தால் வாடியைப் பூட்டிவிடுவார்கள் என்று மற்றப் பெண்களும் கும்பிட்டார்கள். பூட்டினால் என் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆனால் வேலை செய்தவர் என்று எழுதாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு நட்டஈடு கிடைக்காது. ஆகவே சொல்கிறேன்.

நேற்று அடக்கம் முடிந்து திரும்பும்போது மூத்த மகள் என் கையைப் பிடித்து, "அம்மா இருமினது உங்களுக்குக் கேக்கேல்லையோ மாமி?" என்றாள். இல்லை என்றேன். அவளிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) ச. யோசப்பின்