மாமியார் அமுக்கிய பட்டன்

கிழக்கேக்கோட்டையில் பஸ் கிளம்பக் காத்திருந்தோம். முன் சீட்டில் இருந்த, ஸ்ரீவராகம் தெருவில் குடியிருக்கும் பெண் பக்கத்துத் தோழியிடம் சொன்னாள்: “என் மாமியார் ஆத்துக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கறா, கேட்டியோ.”

“கம்ப்யூட்டர் கிளாஸை நிறுத்தச் சொன்னவாளா?”

“அவாளேதான். அப்படி என்னதான் படிக்கறேன்னு காட்டச் சொன்னா. விஷுவல் பேசிக்ல நானே பண்ணின புரோகிராமைக் காட்டினேன். ‘மூடு’ங்கற பட்டனை அமுக்கினா, ‘ஆமாம்’, ‘இல்லை’ன்னு ரெண்டு பட்டனோட ஒரு பெட்டி வந்து ‘நிச்சயமாவா?’ன்னு கேக்கும்.”

“அதுக்கென்ன?”

“‘என்னை யாருமே இப்படி ரெண்டாந்தடவை கேட்டதில்லையாக்கும்’னு சொல்லி ‘இல்லை’யை அமுக்கறா. திரும்பவும் ‘மூடு’. ஒரே சிரிப்பு.”

“அப்போ கிளாஸ்?”

“‘நிறுத்திடட்டுமா அம்மா?’ன்னு கேட்டேன். என் முகத்தையே பார்த்துட்டு, ‘நிச்சயமாவா?’ங்கறா!”

“நீ?”

“‘இல்லை’ன்னுட்டேன். இப்போ கிளாஸுக்குத்தான் போயிண்டிருக்கேன்.”