சட்டனில் ஒரு நாகதாளிப் பாத்தி

கள்ளியைக் குளிர் கொன்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பனிக்கு அது அசையாது. லண்டனில் அதைக் கொல்வது மழை, வேரடியில் தேங்கும் ஈரம். நாங்கள் முன்பு பேர்ன் நகரத்தில் இருந்தபோது கீழ்வீட்டுக்காரர் ஒருவர் முழங்கால் அளவு பனிக்குள் நாகதாளிக் கள்ளி வளர்த்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. இதைக் கேட்க நீங்கள் என்னை இங்கே இருத்தவில்லை என்று தெரியும். ஆனால் பாத்தியிலிருந்து தொடங்கினால்தான் கிளின்ரனைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல வரும்.

என் பெயர் நாகேஸ்வரி. வயது அறுபத்துநாலு. கணவர் செத்த அடுத்த வருடம், 2018 புரட்டாதியில், கிளின்ரன் என் வீட்டுக்கு வந்தான். நான் மரக்கறி வாங்கும் கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவன். அகதி வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி, மறுபடி போட்டிருந்தான். கடைக்கு மேலே இருந்த அறையிலிருந்து எழும்பச் சொல்லிவிட்டார்களாம். கடிதம் வர ஒரு விலாசம் தருவீர்களா என்று கேட்டான். நான் விலாசத்தோடு ஓர் அறையையும் கொடுத்தேன். வாடகை கேட்கவில்லை. அவனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஊரில் மனைவி யசோதினி, மூன்று வயதில் ஒரு மகள்.

லண்டன் ஓரத்தில் இந்தச் சட்டனில் எங்கள் தெரு மண் களி. மழை பெய்தால் ஒரு கிழமைக்கு ஈரம் இறங்காது. கிளின்ரன் அதை இடுப்பளவு தோண்டி அள்ளினான். உடைந்த செங்கல்லும் பருமணலும் போட்டு நிரப்பி, தெற்கு மதிலோரமாகச் சரிவாக ஏற்றினான். ஐப்பசி முதல் பங்குனி வரை மழை படாமல் மேலே ஒரு கண்ணாடித் தகடு. நாகதாளியில் பெரிய முள்ளை விட மயிர்முள்தான் பொல்லாதது, கண்ணுக்கே தெரியாது. முதல் நாள் அவனுடைய இரண்டு கையும் நிறைய ஏறிவிட்டது. நான் பிளாஸ்டர் நாடாவை ஒட்டி ஒட்டி இழுத்து எடுத்தேன். "அம்மாவும் இப்பிடிப் பாத்திருக்க மாட்டா, அன்ரி" என்றான். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடையில் மகள் விதுஷா கனடாவிலிருந்து வந்தாள். அறை தேவைப்பட்டதால் அவனைத் தோட்டத்துக் கொட்டிலுக்கு மாற்றினேன். அவள் போன பிறகும் அவன் அங்கேயே இருந்துவிட்டான். பாத்திக்குக் கிட்ட என்பதால் வசதி.

கடிதம் 2020 ஏப்ரலில் வந்தது. ஊரடங்குக் காலம். வழக்கறிஞர் கந்தோரிலிருந்து தடித்த உறை. அவனுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. அவனுடைய கடிதங்களை நான்தான் பிரிப்பேன். அது அவனே கேட்டுக்கொண்ட ஏற்பாடு. அவனை அகதியாக ஏற்று ஐந்து வருட விசா கொடுத்திருந்தார்கள். வேலை செய்யலாம். மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். குசினி மேசையில் வைத்து இரண்டு தரம் வாசித்தேன். வெளியே அவன் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான். அந்த வருடந்தான் நாகதாளி முதல்முறை மொட்டு வைத்திருந்தது. பூத்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். கடிதத்தை நான் எரிக்கவில்லை. என் மருந்துச் சீட்டுகளோடு கடதாசிக் கோவையில்தான் இருந்தது, வீட்டைச் சோதனை போட்ட அன்று நீங்களே எடுத்தீர்கள்.

ஆனியில் பூத்தது. மஞ்சள் பூ, எண்ணி நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு சொல்வதற்கு நல்ல நாள் ஒன்றும் அமையவில்லை. வழக்கறிஞர் கந்தோரிலிருந்து ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் அவனைக் கேட்டாள். அவன் பிரான்சுக்குப் போய்விட்டான் என்றேன். அவள் பிறகு எடுக்கவில்லை.

"கடிதம் ஏதும் வந்ததே, அன்ரி?" என்று அவன் மாதம் ஒருக்கால் கேட்பான்.

"இல்லை தம்பி. வந்தா நான் சொல்லாமல் விடுவனே?"

அந்த ஆவணியில் ஒருநாள், பஸ் எடுத்து ஸ்ட்ரெதம் பக்கம் போய் வழக்கைப் பற்றி யாரையாவது கேட்டுப் பார்க்கப்போகிறேன் என்றான். "இண்டைக்கு வேண்டாம், வெளியில ஒரு வெள்ளை வான் நிக்குது" என்றேன். அது குழாய் திருத்துகிறவனின் வான். ஊரில் வெள்ளை வானில்தான் அவனுடைய தமையனை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தான். பிறகு அவன் தெருவுக்குப் போகவில்லை. தலைமயிரும் நானே வெட்டிவிட்டேன்.

எங்கள் தெருவில் தோட்டங்களைத் திறந்து காட்டும் நாள் ஒன்று உண்டு. மூன்றாம் வருடம் என் பாத்தியைப் பார்க்க அறுபது எழுபது பேர் வந்தார்கள். மழைநாட்டில் இப்படி ஒரு பாலைவனத்தை யார் உண்டாக்கியது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். கிளின்ரன் கொட்டிலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். எல்லோரும் போன பிறகு தேத்தண்ணி கொண்டுபோனேன். "பூவைப் பாத்திட்டு என்ன சொன்னவை?" என்று கேட்டான். சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம்.

யசோதினி ஆறு வருடம் காத்திருந்தாள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவளோடு கடைசியாகப் பேசிய அன்று அவன் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மதிலில் வைத்துவிட்டுக் களை பிடுங்கிக்கொண்டே கதைத்தான். நான் பக்கத்தில் வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை உங்களை மாமா எண்டு கேக்கிறாள், அப்பா எண்டு இல்லை. இனி என்னைக் காத்திருக்கச் சொல்லாதேங்கோ. என்னால ஏலாது."

"ஓம்" என்றான். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தேன்.

போன மார்கழியில் அவனுடைய மணிக்கட்டில் ஒரு முள் ஆழமாக ஏறி முறிந்தது. கை முழங்கை வரை வீங்கிச் சிவந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவமே, அன்ரி?"

"அங்க பேரைக் கேட்டுக் கம்பியூட்டரில அடிப்பாங்கள். அடிச்ச உடனை எல்லாம் தெரிஞ்சிடும்."

அது பொய் அல்ல. அடித்திருந்தால் தெரிந்திருக்கும். வீட்டில் இருந்த மருந்துக் குளிசைகளைக் கொடுத்தேன், உப்புத் தண்ணீரில் ஒத்தடம் பிடித்தேன். பதினோராம் நாள் காலையில் அவன் பாத்தியோரம் விழுந்து கிடந்தான். பக்கத்து வீட்டுக்காரி மேல்மாடி யன்னலால் கண்டு அம்புலன்சுக்கு அடித்தாள். நானும் அடித்திருப்பேன். தகட்டுக்குக் கீழே மழை போகாமல் சரி செய்துகொண்டு நின்றேன்.

அந்த விசா போன ஏப்ரலில் முடிந்துவிட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். திகதி எனக்குத் தெரியும். அன்று நான் கோவையை எடுத்துப் பார்த்தேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பது போல ஒரு ஆறுதல்கூட வந்தது. ஆகவே, தெரிந்தே செய்தீர்களா என்று நீங்கள் கேட்டதற்குப் பதில், ஓம். முதல் நாளிலிருந்தே தெரிந்துதான் செய்தேன்.

கையை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று கிழமையாக அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் வரவில்லை என்றும் சொன்னீர்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள், என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?