விளக்கைக் குலுக்கிய வீரன்

நல்லூரில் சங்கக்கடை வாசலில், கூப்பன் மட்டைக்கு அளந்து கொடுக்கும் மண்ணெண்ணெய்க்கு வரிசை. எனக்கு முன்னால் வெறும் போத்தல்களோடு இரண்டு இளைஞர்கள். கண்ணாடி போட்டவன் திடீரென்று சொன்னான்:

"பூதத்தைத் தவற விட்டது நான்தான் மச்சான்."

லண்டனிலிருந்து யாரோ அனுப்பிய விளையாட்டுப் புத்தகமாம். கூட நின்ற நெட்டையன் அதிலுள்ள அரேபியக் கதையைச் சொல்லிக்கொண்டு போக, மற்றவர்கள் அதில் வீரர்களாகித் தாயக்கட்டை உருட்ட வேண்டுமாம்.

"உங்களுக்காகப் பாலைவனத்தை எங்கடை கடற்கரை மணற்காடாக்கினன். ஒட்டகத்தைச் சைக்கிளாக்கினன். குகைக்குள்ளை மந்திர விளக்கும் வைச்சன். நீ அதை உரசாமல் என்ன செய்தனி?"

"எண்ணெய் கிடக்கோ எண்டு குலுக்கிப் பாத்தனான்."

"பிறகு?"

"போத்திலுக்குள்ளை வடிச்சனான். வெக்கக்கேடு. வீரனெண்டு நீ வாள் தந்தனி, நான் புனலைத் தேடினன்."

"நான் மட்டும் திறமே? தாயத்தை உருட்டி, அரைப் போத்தில் கிடக்குதெண்டு சொன்னனே."

வரிசை இரண்டடி நகர்ந்தது.

"பின்னேரம் திரும்ப விளையாடுவம். இந்த முறை கட்டாயம் உரசுவன். பூதம் வந்தால், எனக்குப் பதிலா இந்தக் கியூவிலை நிக்கச் சொல்லுவன்."

நெட்டையன் கொஞ்சம் யோசித்தான்.

"அதுக்கு எண்ணெய் குடுக்கமாட்டாங்கள். உங்கடை கூப்பன் மட்டையிலை பூதத்தின்ரை பேர் இல்லையேடா."