மாதாவிடமும் மறைத்த நோய்

அவைக்குத் தலைமையும் எங்களுக்குத் தைரியமும் தந்து அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை கிளமென்ட் அடிகளாரே! ஒரத்தநாட்டுப் பெரியோர்களே! நடவு முடித்த கையோடு, காலில் சேறு காயுமுன் வந்து சேர்ந்த தாய்மார்களே! உங்கள் அருள்ஜோதியின் அன்பு வணக்கம்.

நான் தங்கத்தோடு வேலை செய்கிறவள். சிரிக்காதீங்க, நகைக்கடை இல்லை, ஆராய்ச்சிக்கூடம்! கண்ணுக்கே தெரியாத தங்க நானோ துகள். மார்பகப் புற்றணுவைத் தேடிப் போய் ஒட்டும். ஒட்டிய இடத்தை ஒளியால் காட்டும். லேசர் பாய்ச்சினால் சூடேறி அந்த அணுவை மட்டும் சுட்டழிக்கும். நெல்லோடு நெல்லாக நிற்கும் புல்லைப் பார்த்துப் பிடுங்குகிறீர்களே, அந்த வேலைதான்! கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றணுக்களில் வென்றுவிட்டோம். மனித உடலுக்கு வர இன்னும் காலமாகும்.

ஆனால், யாரை நினைத்துத் தொடங்கினேனோ அவள் இல்லையே! என் அக்கா விண்ணரசி இல்லையே!

மார்பில் கட்டி. கணவரிடம் சொன்னாளா? இல்லை. டாக்டரிடம் சொன்னாளா? இல்லை. வேளாங்கண்ணிக்குப் போனாள். நோவுள்ள உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி மாதாவுக்குக் காணிக்கை வைப்பது நம் வழக்கம். கடைக்காரர், “எந்த உறுப்பும்மா வேணும்?” என்றார். சுற்றிலும் ஆண்கள். என் அக்கா என்ன கேட்டாள் தெரியுமா? “கை குடுங்க” என்றாள்! வெள்ளிக் கையை வைத்துவிட்டு வீடு திரும்பினாள். கைவலி என்றே நம்பி நாங்கள் தைலம் தேய்த்தோம். கட்டி புண்ணாகி உடைந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள்: “மாதாகிட்டயே பேர் சொல்லக் கூசுச்சுடி. ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?”

ஐயோ, அந்தக் கூச்சத்தை அவளுக்கு ஊட்டியவர் யார்? நாம்தானே! வாசல் பேனரைப் பாருங்கள்: ‘மகளிர் நல முகாம்’. எந்த நலம்? எந்த உறுப்பு? அடிகளார் கோபிக்கக் கூடாது. நமக்கு எழுதக்கூட மனம் வரவில்லை.

என்னம்மா? “இந்தப் பொண்ணு இப்படிப் பச்சையா பேசுதே” என்கிறீர்களா? பேசுவேன்! பேசாமல் ஒருத்தியைப் புதைத்துவிட்டோமே, அந்த வருத்தத்தில் பேசுவேன்! மார்பகம். சொல்லிவிட்டேன், வானமா இடிந்து விழுந்தது? என் துகள் உடலுக்குள் ஒளிந்த அணுவைத் தேடும். தொண்டைக்குள் ஒளிந்த சொல்லை எந்தத் துகள் தேடும்?

இத்தனை நேரம் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. கைதட்ட வேண்டாம், எழுந்திருங்கள். வெளியே பரிசோதனை வண்டி நிற்கிறது. “எதைப் பார்க்கணும்மா?” என்று நர்ஸம்மா கேட்பார். தலை குனியாமல் பெயரைச் சொல்லுங்கள். வணக்கம்.